மேனேஜரின் ஓய்வு குறித்து மாப்பிள்ளைக்கு

விருத்தாசலம்,
24.1.2008

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு, மாமனார் தர்மராஜ் பல ஆசிகளுடன் எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கு நானும், தங்கள் மாமியார் பானுமதியும், தாங்கள் எங்களிடம் விட்டுச் சென்ற நாயாகிய மேனேஜரும் சுகம். மூவரில் மேனேஜர் சற்றுக் கூடுதல் சுகம். அங்கே தாங்களும் மகள் வேல்விழியும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி.

நேற்று முன்தினம் தாங்கள் போனில் மூன்று விஷயம் சொன்னீர்கள். வயதான நாயைத் தாண்டவும் குதிக்கவும் விடுவதாகக் கேள்விப்பட்டேன், அதை உடனே நிறுத்துங்கள் என்றீர்கள். சரிங்க மாப்பிள்ளை என்றேன். இனி அவன் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றீர்கள். சரிங்க மாப்பிள்ளை என்றேன். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து அவனை பெங்களூருக்கே அழைத்துப் போகிறேன் என்றீர்கள். அதற்கும் சரிங்க மாப்பிள்ளை என்றேன். மூன்று சரியிலும் நான் உறுதியாக இருக்கிறேன். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நடந்தது என்ன என்று நீங்கள் முழுவதும் தெரிந்துகொண்டு அழைத்துப் போவது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் எனக்கு வராது. உங்கள் குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். நின்றபிறகு "சரிங்க மாப்பிள்ளை" தவிர வேறு சொல் எதுவும் வாயில் வருவதில்லை. தலைதீபாவளிக்கு வந்திருந்தபோது, "மாமா, இந்தச் சட்டை எனக்கு லூசா இருக்குதா, டைட்டா இருக்குதா?" என்று கேட்டீர்கள். அதற்கும் சரிங்க மாப்பிள்ளை என்றுதான் சொன்னேன்.

அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியில்லை என்று இரண்டு மாதத்துக்கு மட்டும் அவனை இங்கே விட்டீர்கள். அந்த இரண்டு மாதம் இரண்டு வருடமானதில் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆபீசில் உங்கள் மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் நாய்க்கு அந்தப் பெயரை வைத்தீர்கள் என்று வேல்விழி சொன்னாள். அந்தக் கோபத்தின் பலனை இங்கே நாங்கள்தான் அனுபவித்தோம். "மேனேஜர் சாப்பிட்டாரா?", "மேனேஜர் குளிச்சிட்டாரா?" என்று பானுமதி வாசலில் நின்று குரல் கொடுப்பதைக் கேட்டு, எங்கள் வீட்டில் ஏதோ பாங்க் அதிகாரி குடியிருப்பதாக நினைத்து லோன் கேட்டு வந்தவர்கள் உண்டு.

விட்டுப்போகும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். வயசாயிடுச்சு மாமா, இடுப்பெலும்பு பலவீனம், படி ஏறக் கூடாது, ஓடக் கூடாது, ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கட்டும் என்றீர்கள். அப்போதுதான் எனக்கும் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தேன். வேல்விழி எனக்கு ஒரு உத்தரவு போட்டிருந்தாள். படி ஏறக் கூடாது, சைக்கிள் தொடக் கூடாது, மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் கலந்து பேசித்தான் போட்டீர்களோ என்னவோ, இரண்டும் ஒரே உத்தரவாக இருந்தது. ஆகவே ஒரே ஃபேனுக்குக் கீழே இரண்டு பேர். எனக்கு உப்பில்லாத கஞ்சி, அவனுக்கு உப்பில்லாத தயிர்சோறு. என்னைப் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், அவனைப் பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டின. சேலம் பாசஞ்சர் கூவினால் முதலில் எல்லாம் தலையைத் தூக்குவான், பிறகு காதை மட்டும் தூக்கினான், பிறகு அதுவும் இல்லை. நான் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் தொந்தி விழுந்தது.

ஒருநாள் அவன் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயந்துபோய்க் கால்நடை டாக்டர் ஸ்ரீரஞ்சனியை வீட்டுக்கு வரவழைத்தோம். சின்ன வயசு, கண்டிப்பான பெண். உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "எவ்ளோ நாளா இப்படியே கெடக்கிறாரு?" என்று கேட்டார். பானுமதி பெருமூச்சு விட்டு, "அத ஏம்மா கேக்குற, ரிடையர் ஆனதுலேருந்து இப்படித்தான்" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாயின் இடுப்பைப் பிடித்துப் பார்த்தார், காலை நீட்டி மடக்கினார், பல்லைப் பார்த்தார். "வயசு ஆயிருக்குது, அது நோவு இல்ல. சும்மா படுக்கப் போட்டு மூட்ட இறுக வச்சிருக்கீங்க. எடைய கொறைக்கணும். மெதுவா நடக்க வைங்க. கொஞ்சம் தேறினப்புறம் தாண்டறது, நொழையறது, கழியச் சுத்தி ஓடறதுன்னு வெளையாட்டு காட்டுங்க. ஒயரம் கம்மியா இருக்கணும், மண் தரையா இருக்கணும், அதுவா போதும்னா அதோட நிறுத்திடணும்" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்களுந்தான் சார்" என்றார். அதை மட்டும் வேல்விழியிடம் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை. கடலூர் இதய டாக்டரும் பிறகு நடக்கலாம் என்று சொல்லிவிட்டார், அதை வேண்டுமானால் சொல்லுங்கள்.

நடக்க ஆரம்பித்தோம். முதலில் தெருமுனை வரை. பிறகு டீக்கடை. எங்கள் எதிர்வீட்டு வாசுகி வைத்திருக்கும் பீங்கான் பொம்மைப் பட்டறை உங்களுக்குத் தெரியும், கொலுவுக்குப் பொம்மை வாங்கிப் போனீர்களே. அப்போது விநாயகர் சதுர்த்தி வரப்போகிற நேரம். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பிள்ளையார்களைப் பலகைகளில் வரிசையாக வைத்து முற்றம் முழுக்க வெயிலில் காயப்போட்டிருந்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம்தான். மேனேஜர் அங்கே ஒரு பூனையைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்கக் கூடாதா? வாரைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். வாசுகி தலையில் கையை வைத்துவிட்டாள். வேலை செய்த பெண்கள் "ஐயோ ஐயோ" என்று கத்தினார்கள். அவனோ ஒரு பலகைக்கு அடியில் நுழைந்து, அடுத்ததைத் தாண்டி, அதற்கடுத்ததைச் சுற்றி, வாலைக்கூட மேலே படாமல் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். ஒரு பிள்ளையாரின் ஒரு காதுகூட உடையவில்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போது அவனைப் பிடிக்கப் பின்னால் ஓடிய நான் ஒரு பலகை முழுவதையும் கவிழ்த்தேன்.

கீழே பிள்ளையார்கள் குப்புறக் கிடந்தார்கள். சதுர்த்தி சமயத்தில் இப்படி ஒரு பாவமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசுகி குனிந்து பொறுக்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். "வுடுங்கண்ணே, சுடாத மண்ணுதானே. ஊறுச்சின்னா மறுபடியும் புள்ளையாரு" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. நாமெல்லாம் சுட்டு முடித்த சரக்கு, கீழே விழுந்தால் ஊறவைத்து மறுபடி பிடிக்க முடியாது, அதனால்தான் பிள்ளைகள் பத்திரமாக அலமாரியில் வைக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. உங்கள் மேலும் வேல்விழி மேலும் எனக்குக் கோபம் வரவில்லை மாப்பிள்ளை. ஆனால் அலமாரியில் இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும் அந்த வருடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

மறுநாள் வாசுகியே கூப்பிட்டாள். "காலையில பலக காலியாத்தானே கெடக்குது, நாங்க சரக்கு வெக்கிறதுக்கு முன்னாடி இட்டாந்து ஓட்டிக்கிங்க. சரக்கு வச்சப்புறம் நாய் வரலாம், நீங்க வரக் கூடாது" என்றாள். அப்படித்தான் மைதானம் கிடைத்தது. இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகை, அது தாண்டுவதற்கு. சவுக்குக் கழிகளை நட்டு வைத்தோம், அது சுற்றி ஓடுவதற்கு. சாக்கடைக்கென்று வாங்கிப் போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய் ஒன்று மூலையில் கிடந்தது, அது நுழைவதற்கு. தாண்டுவதை அவன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். கழிகளைச் சுற்றி ஓடுவதை பானுமதியின் வடைக்காகக் கற்றுக்கொண்டான். அவன் இடுப்பு தேற வேண்டுமென்று தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்தி வேண்டிக்கொண்டாள், பைரவருக்குச் சாத்தியதில் பைரவரின் வாகனத்துக்குப் பங்கு இல்லாமல் எப்படி என்று கொடுத்தும் விட்டாள். அது அவன் வயிற்றைப் புரட்ட, டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கி, வேகவைத்த காரட்டுக்கு மாறினோம். குழாய்க்குள் மட்டும் எவ்வளவு கெஞ்சியும் நுழைய மாட்டேன் என்றான். நீ போய்க் காட்டு, பார்க்கிறேன் என்பதுபோல குழாயின் வாயில் உட்கார்ந்திருந்தான்.

இனிமேல்தான், தங்கள் தாயார் தங்களிடம் சொல்லிய விஷயம் வருகிறது. அவர்கள் எப்படிச் சொன்னார்களோ எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். நான் குனிந்து, காரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, குழாய்க்குள் போனேன். பாதி போனதும் தொந்தி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, நல்லூரிலிருந்து தங்கள் தகப்பனாரும் தாயாரும் தங்கள் தங்கை குழந்தையின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கத் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். வீட்டில் ஆளில்லை, சத்தம் எதிரே கேட்கிறது என்று நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். சம்பந்தி வந்தால் எழுந்து எதிர்கொண்டு போய் வாங்க என்று சொல்வதுதானே முறை? எழ முடியாது. எதிர்கொள்ளவும் முடியாது, அவர்கள் நின்றிருந்தது என் கால் பக்கம். அதற்காக முறையை விட முடியுமா? உள்ளே இருந்தபடியே கைகூப்பி, "வாங்க சம்பந்தி, வாங்க, வாங்கம்மா, பஸ்ஸுல எடம் கெடைச்சுதா?" என்றேன். குழாய்க்குள் என் குரல் கோயில் மணி மாதிரி முழங்கியது. "இன்னாங்க இது, சம்பந்தி குழாவுல கெடக்குறாரு!" என்று தங்கள் தாயார் அலறினார்கள். தங்கள் தகப்பனார் பெரிய மனிதர், ஒன்றும் நடக்காதது மாதிரி, "எடம் கெடைச்சுதுங்க, நீங்க சௌக்கியமா?" என்று என் செருப்பைப் பார்த்துக் கேட்டார். தாம்பாளத்தை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் அவர்கள் நிற்க, வாசுகியும் பானுமதியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்க, முன்பக்கம் என்ன ஆயிற்று தெரியுமா? மேனேஜர் சுற்றிவந்து, என்னை எங்கே காணோம் என்று அந்தப் பக்கமாகக் குழாய்க்குள் நுழைந்து, என் முகத்தை நக்கிவிட்டு, காரட்டை வாங்கிக்கொண்டு, திரும்பி ஓடினான். அன்றிலிருந்து குழாய் அவனுக்குப் பழகிவிட்டது. எனக்கு மானம் போனதுதான் மிச்சம்.

மார்கழியில் நெய்வேலியில் நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினார்கள். வயதான நாய்களுக்கென்று தனிப் பிரிவு, உயரம் குறைவு, நேரம் பெரிதாகப் பார்ப்பதில்லை, போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பஸ்ஸில் ஏறி மூன்று டிக்கெட் கேட்டேன். "யாருக்கு சார் இன்னொரு டிக்கெட்டு?" என்று கண்டக்டர் கேட்க, பானுமதி வெள்ளந்தியாக, "மேனேஜருக்குப்பா" என்றாள். சீட்டுக்கடியில் எட்டிப் பார்த்த கண்டக்டர் எங்கள் மூவரையும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். வாசுகியின் சரக்கு ஏற்றிப்போன வேனில் வைக்கோலுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். அங்கே கம்மாபுரத்துப் பக்கத்து விவசாயி ஒருவரைச் சந்தித்தேன், பழமலைநாதன் என்று பெயர். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் மனை வாங்கிக் குடிவந்தவர். முகம் நரைத்த நாட்டுநாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி இந்தப் போட்டிக்கெல்லாம் என்று கேட்டேன். "இது கொல்லைக் காவலுக்கு வளத்த நாயிங்க. இப்பக் கொல்ல இல்ல. ஆனா வெடியறப்ப எழுந்து வாசல்ல வந்து நிக்குது, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம. அதுக்கு ஒரு வேல வேணும்ல?" என்றார். நாயின் காதைத் தடவிக்கொண்டே, "எனக்குந்தான்" என்றார்.

எங்கள் முறை வந்தது. நாயோடு கூடவே ஆளும் ஓட வேண்டும், நான் வேகமாக நடந்தால் போதும் என்று அனுமதி வாங்கியிருந்தார் டாக்டரம்மா. மேனேஜர் கிளம்பினான் பாருங்கள் மாப்பிள்ளை! பலகை தாண்டி, கழிகளைச் சுற்றி, குழாயில் நுழைந்து வெளியே வந்து, காதெல்லாம் பறக்க, வாயெல்லாம் சிரிப்பாக. நாய் சிரிக்குமா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன். கடைசிப் பலகைக்கு முன்னால் வந்ததும் சட்டென்று நின்றான். இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. உங்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இடுப்புக்கு ஒன்றுமில்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மூச்சுவாங்கிக்கொண்டு பாதி மைதானத்தில் வந்துகொண்டிருந்தேன். கூட்டம் "போ, போ" என்று கத்துகிறது. அவன் அசையவில்லை. நான் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தாண்டினான். நானும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். எங்களுக்குத்தான் கடைசி இடம். எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. பானுமதி கேட்டதற்கு வியர்வை என்று சொன்னேன், அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் வியர்வை போலிருக்கிறது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பீங்கான் கம்பெனியில் செக்கிங். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்கையும் சின்னக் குச்சியால் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்ல சரக்கு, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். ரிடையர் ஆகியும் கை நிற்பதில்லை, டம்ளர், தேங்காய், தண்ணீர்த் தொட்டி என்று எதைப் பார்த்தாலும் தட்டிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினேன், பாசம் என்று நினைத்துச் சிரித்தீர்கள். நல்ல ஓசை வந்ததால்தான் பெண் கொடுத்தேன். நெய்வேலியிலிருந்து வந்ததும் மேனேஜரின் முதுகிலும் தட்டிப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே கிடந்த காலத்தில் தலையணையைத் தட்டுவது போலிருக்கும். இப்போது நல்ல ஓசை.

ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தான். தாங்கள் புது வீட்டில் அவனுக்கென்று தனி அறையும் ஏ.சி.யும் மூட்டுக்கு இதமான வெளிநாட்டு மெத்தையும் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். அவன் மேல் நீங்கள் வைத்திருக்கும் பிரியத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தாராளமாக வந்து அழைத்துப் போங்கள். அவன் தட்டையும் வாரையும் கழுவி எடுத்து வைத்துவிட்டோம். அவன் விடியும்போதே எழுந்து, என் வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பான். அங்கே வேட்டி கிடையாது, நீங்கள் எழுந்திருக்கவும் நேரமாகும் என்று வேல்விழி சொன்னாள். அதுவரை கதவருகில் நின்றுகொண்டிருப்பான், அவனை ஒன்றும் சொல்லாதீர்கள். நான் பழையபடி ஃபேனுக்குக் கீழே போய்விடுகிறேன். ஒரு ஆள்தான் என்பதால் காற்றும் தாராளமாக வரும்.

தாங்களும் வேல்விழியும் நோய்நொடி இல்லாமல், காலாகாலத்தில் ஒரு பேரனையோ பேத்தியையோ எங்கள் கையில் கொடுத்து, தாத்தாவாகியும் ஓடியாடித் திரிகிற அளவு நீண்ட ஆயுளோடு வாழ விருத்தாம்பிகை அருள் புரியட்டும். தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். அடுத்த முறை வாசலில் நின்றே வரவேற்பேன் என்று சொல்லவும்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத மாமனார்,
தர்மராஜ்

பி.கு.: இதைக் கூரியரில் போட நானும் மேனேஜரும் ஜங்ஷன் ரோடு வரை நடந்தோம். கடை இன்னும் திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எழுதியது முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, பக்கத்து டீக்கடையின் மர பெஞ்சு வரை போய், அதைத் தாண்டாமல் நின்று, திரும்பி என்னைப் பார்க்கிறான். நெய்வேலியில் பார்த்தானே, அதே பார்வை. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே எழுதுகிறேன்: முடியாது, மாப்பிள்ளை. அவனை அனுப்ப முடியாது. நீங்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியில் எங்களுக்கு மறுபடி போட்டி இருக்கிறது, வீடு பூட்டியிருக்கும், காரை நேராக மைதானத்துக்கு விடுங்கள். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தால் நீங்களும் அவனோடு ஒரு சுற்று ஓடலாம். மெத்தையையும் கொண்டுவாருங்கள், உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி. அவன் ஓடுவதைப் பார்த்த பிறகும் படுத்திருக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் அங்கேயே என்னிடம் சொல்லுங்கள். சரிங்க மாப்பிள்ளை என்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.